கவாத்தும் காய்ப்பும்: கோப்பு முறைமையின் நிரலை மாற்றி எழுதும்போது எதை நம்புவது?

ஏற்காடு மலையில் மாரமங்கலம் போன்ற காபி ஊர்களில் அறுவடை ஓய்ந்ததும் கவாத்து தொடங்கிவிடும். காய்ந்த கிளை, வேண்டாத சிம்பு, ஒன்றையொன்று உரசி வளரும் கொம்பு எல்லாம் கத்திக்குப் போகும். செடி அதே செடிதான், ரகமும் அதேதான். உருவம் மட்டும் ஒழுங்காகிறது. வெட்டிய கை சரியாக வெட்டியதா என்பது அன்று மாலை தெரியாது. அடுத்த பருவத்தில் பூ வைக்கும்போதுதான் தெரியும்.

மென்பொருளிலும் இதே வேலை உண்டு. நிரல் செய்யும் காரியத்தை மாற்றாமல் அதன் உள்ளமைப்பை மட்டும் திருத்தி எழுதுவதை ரீஃபேக்டரிங் என்கிறார்கள். தமிழில் மறுசீரமைப்பு எனலாம். சாதாரணச் செயலியில் இது அன்றாட வேலை. இயங்குதளத்தின் கோப்பு முறைமையில் அப்படியல்ல. தோட்டத்தில் நிற்கும் ஒருவர் காய்த்துக் குலுங்கும் செடியைப் போனில் படம் எடுக்கிறார். அந்தப் படம் ஈஎக்ஸ்டி4 அல்லது எஃப்2எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் வழியாகத்தான் போனின் நினைவகத்துக்குள் போகிறது. இரண்டுமே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பகுதிகள். ஆண்ட்ராய்டு ஈஎக்ஸ்டி4-க்கு மாறத் தொடங்கியது 2010இல். திரையில் பிழை வந்தால் செயலியை மூடித் திறக்கலாம். கோப்பு முறைமையில் பிழை வந்தால் படமே இல்லாமல் போகும். போனது பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

ஆகவே பழைய கேள்வி ஒன்று இங்கே கூர்மையாகிறது. ‘உள்ளே மாற்றியிருக்கிறேன், வெளியே எதுவும் மாறாது’ என்று ஒரு நிரலாளர் சொன்னால், அதைப் பரிசீலிப்பவர் எந்த ஆதாரத்தைக் கொண்டு ஒப்புக்கொள்வது? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு வெவ்வேறு பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. எந்தப் பதிலும் முந்தையதை முழுதாக அகற்றிவிடவில்லை.

கேள்வியின் வேர்

ரீஃபேக்டரிங் என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் கொடுத்தவர் வில்லியம் ஓப்டைக். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1992இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு மாற்றம் நிரலின் நடத்தையைக் காப்பாற்றும் என்று வகுத்துச் சொன்னது. மார்ட்டின் ஃபவ்லரின் 1999ஆம் ஆண்டுப் புத்தகம் அந்தச் சொல்லை எல்லா அலுவலகங்களுக்கும் கொண்டுபோனது.

சொல் வருவதற்கு முன்பே கோப்பு முறைமைகளில் வேலை நடந்திருந்தது. சன் நிறுவனத்தில் ஸ்டீவ் கிளைமன் 1986இல் விவரித்த வீநோட் அமைப்பு அதற்கு நல்ல சான்று. அதுவரை யூனிக்ஸ் கெர்னலும் அதன் ஒரே கோப்பு முறைமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இரண்டையும் பிரித்து நடுவில் ஒரு பொது இடைமுகத்தை வைத்ததால்தான், ஒரே கணினியில் உள்ளூர் வட்டும் வலைப்பின்னல் வழியாக வரும் கோப்புகளும் ஒரே மாதிரி தெரிய முடிந்தது. இன்றைய லினக்ஸின் விஎஃப்எஸ் அந்த வழியில் வந்ததுதான்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு உறுதியான கணக்கு ஒன்று இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லான்யூ லூவும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், லினக்ஸ் 2.6 வரிசையின் எட்டு ஆண்டுகளில் ஆறு கோப்பு முறைமைகளுக்கு வந்த 5,079 பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, ஒவ்வொன்றாகப் படித்து வகைப்படுத்தினார்கள். அவற்றில் ஏறத்தாழ 45 விழுக்காடு பராமரிப்பு வேலை: நிரலைச் சீர்படுத்துவது, எளிமையாக்குவது, விளக்கக் குறிப்பு எழுதுவது. பிழை திருத்தம் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. புதிய வசதிகள் அதைவிட மிகக் குறைவு. கோப்பு முறைமை எழுதுவது என்றால் புதிதாகக் கட்டுவது என்றே வெளியில் இருப்பவர் நினைப்பார். உள்ளே நடப்பதில் பாதிக்கு அருகில் கவாத்து வேலைதான்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. பரிசீலனை பற்றிப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பிழைகளில் பாதிக்கு மேல் பொருள் சார்ந்தவை. அதாவது, அந்தக் கோப்பு முறைமை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே புலப்படுபவை. வயதாக ஆகப் பிழைகள் ஓய்ந்துவிடுவதும் இல்லை. நிலைபெற்றுவிட்டதாகக் கருதப்பட்ட கோப்பு முறைமைகளிலும் அவை வந்துகொண்டே இருந்தன.

தொடாமல் விடுவோம் என்போர்

முதல் நிலைப்பாடு பழைமையானது, எளிமையானது: ஓடுவதைத் தொடாதே. இதைப் பயந்தவர்களின் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது. லினக்ஸின் மிக முக்கியமான முடிவு ஒன்று இதன் அடிப்படையில்தான் எடுக்கப்பட்டது.

2006இல் ஈஎக்ஸ்டி3-க்குப் பெரிய மாற்றங்கள் தேவைப்பட்டன. பெரிய வட்டுகளைத் தாங்க வேண்டும். கோப்பின் துண்டுகளைக் குறித்துவைக்கும் முறையையே மாற்ற வேண்டும். கோடிக்கணக்கானோரின் தரவு அமர்ந்திருக்கும் நிரலில் கைவைக்க லைனஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்டோர் ஒப்பவில்லை. ஆகவே அந்த நிரலை அப்படியே நகல் எடுத்து, நகலுக்கு ஈஎக்ஸ்டி4 என்று பெயரிட்டு, அங்கே மாற்றங்களைச் செய்தார்கள். பழையதைப் பழையபடி விட்டுவிட்டார்கள். 2008 டிசம்பரில் வந்த 2.6.28இல் ஈஎக்ஸ்டி4 பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதென்று அறிவிக்கப்பட்டது.

அந்த நகலில் இந்தியர்களின் உழைப்பு கணிசமாக இருந்தது. 2007இல் ஈஎக்ஸ்டி4-இன் நிலையையும் திட்டத்தையும் விவரித்த கட்டுரையின் ஆசிரியர்களில் ஐபிஎம்மின் சுபர்ணா பட்டாச்சார்யா ஒருவர். கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைக்கும் ஃபாலோகேட் என்ற கெர்னல் அழைப்பை அதே ஆண்டு கொண்டுவந்தவர் இந்திய ஐபிஎம்மில் பணியாற்றிய அமித் அரோரா.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் காலப்போக்கில் தெரிந்தது. நகல் எடுத்தால் பிழையும் இரட்டிப்பாகும். ஒரு பக்கம் திருத்தியதை மறுபக்கம் திருத்த மறந்தால், அடைத்த ஓட்டை ஒரு வீட்டிலும் திறந்த ஓட்டை இன்னொரு வீட்டிலும் இருக்கும். ஒன்பது ஆண்டுகள் இரண்டையும் சுமந்த பிறகு, 2015இல் 4.3 பதிப்பில் ஈஎக்ஸ்டி3-இன் தனி நிரல் நீக்கப்பட்டது. பழைய ஈஎக்ஸ்டி3 வட்டுகளை அதன்பின் ஈஎக்ஸ்டி4 நிரலே படித்தது. தொடாமல் வைத்தது கடைசியில் வெட்டப்பட்டது. என்றாலும் அந்த ஒன்பது ஆண்டு வீண் என்று சொல்வதற்கில்லை. புதியது பழுக்க அந்த அவகாசம் தேவைப்பட்டது என்றே தோன்றுகிறது.

கண்ணை நம்புவோர்

இரண்டாவது நிலைப்பாடு: மனிதர் படிக்கட்டும். ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் 1976இல் நிரலை வரிவரியாகக் கூடிப் படிக்கும் முறையை வகுத்து, சோதனைக்கு முன்பே பிழைகள் பிடிபடுவதைக் காட்டினார். எரிக் ரேமண்ட் 1997இல் அதையே திறந்த மூல உலகின் நம்பிக்கையாக மாற்றினார்: பார்ப்பவர் பெருகினால் பிழை தப்பாது.

லினக்ஸில் இது ஒரு கைவினையாகவே வளர்ந்திருக்கிறது. பெரிய மறுசீரமைப்பை ஒரே பேட்சாக யாரும் ஏற்கமாட்டார்கள். இருபது, முப்பது சிறு பேட்ச்களாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கெர்னல் கம்பைல் ஆக வேண்டும், ஓட வேண்டும். நிரலை இடம் மாற்றுவது ஒரு பேட்ச், நடத்தையை மாற்றுவது வேறு பேட்ச். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடம் மாற்றும் பேட்சில் ‘செயல்பாட்டு மாற்றம் ஏதும் நோக்கமில்லை’ என்று எழுதுவது வழக்கம். அதில் ‘நோக்கமில்லை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாற்றமில்லை என்று யாரும் உறுதி கூறுவதில்லை, நோக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஒழுக்கம் பலன் தந்த இடம் 2023இல் வந்தது. கோப்பின் நேர முத்திரைகளை எல்லாக் கோப்பு முறைமைகளும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தன. ஜெஃப் லேட்டன் அவற்றைப் பொது உதவிச் செயல்களின் வழியாக மட்டும் தொடும்படி மாற்றினார். அதன் மேல் நேர முத்திரைகளை இன்னும் நுணுக்கமாக்கும் புதிய வசதியும் 6.6 பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டது. வெளியீட்டுக்கு முன்பே குறை தெரிந்தது: பின்னால் எழுதிய கோப்பு, முன்னால் எழுதியதைவிடப் பழையதாகக் காட்டக்கூடும். எது புதியது என்று நேரத்தை வைத்து முடிவு செய்யும் கருவிகள் இதில் தடுமாறும். வசதியைத் திரும்பப் பெற்றார்கள். அடியில் இருந்த மறுசீரமைப்புக்கு எதுவும் ஆகவில்லை; கழற்ற வேண்டியது மட்டும் கழன்றது. குறை நீங்கிய வடிவம் 6.13 பதிப்பில் மறுபடி வந்தது. இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் இவ்வளவு சுலபமாகப் பின்வாங்கியிருக்க முடியாது.

இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே மாதிரியான மாற்றம் செய்யும்போது, ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் படிப்பது சலிப்பில் முடியும். ஜூலியா லாவலும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய காக்சினெல் கருவி இங்கே கைகொடுக்கிறது. மாற்றத்தின் விதியை எழுதிக் கொடுத்தால் கருவியே எல்லா இடங்களிலும் மாற்றிவிடும். பரிசீலிப்பவர் விளைவுகளை எண்ணிக்கொண்டிருக்காமல் விதியைப் படித்தால் போதும். மாற்றம் ஒரே அச்சில் இருக்கும்வரை இது சிறந்த வழி. அச்சு மாறும் இடத்தில் மறுபடி கண்தான் வேண்டும்.

கண்ணின் பலவீனம் எங்கே? எல்லாம் நல்லபடி நடக்கும் பாதையைக் கண் கவனமாகப் படிக்கிறது. கோளாறு வந்தால் நிரல் போகும் பாதையை அப்படிப் படிப்பதில்லை. விஜயன் பிரபாகரனும் மற்றவர்களும் 2005இல் வெளியிட்ட ‘அயர்ன்’ ஆய்வு, வட்டின் ஒரு பகுதி மட்டும் பழுதானால் கோப்பு முறைமைகள் என்ன செய்கின்றன என்று சோதித்து, ஒரே கோப்பு முறைமைக்குள்ளேயே இடத்துக்கு இடம் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் காட்டியது. 2008இல் ஹர்யாதி குணாவியின் குழு நிரலை இயந்திர முறையில் ஆராய்ந்தது. பிழைக் குறியீட்டைத் திருப்பித் தரும் 9,022 அழைப்புகளில் 1,153 இடங்களில் அந்தக் குறியீட்டை யாரும் பெற்றுக்கொள்ளவே இல்லை. பல கண்கள் படித்து ஒப்புக்கொண்ட நிரல்கள்தான் அவை.

கண்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்பதும் உண்மையான கவலை. பொருள் சார்ந்த பிழையைக் காணக்கூடியவர் ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உண்டு. எக்ஸ்எஃப்எஸ்ஸின் வெளியீட்டுப் பொறுப்பைப் பல ஆண்டுகள் சுமந்த டேரிக் வோங் 2023இல் சோர்வைக் காரணம் சொல்லி அதிலிருந்து விலகினார். பொறுப்பை ஏற்றவர் இந்தியரான சந்தன் பாபு. அவருக்குப் பின் கார்லோஸ் மயோலினோ. உலகின் பெரிய சர்வர்களில் பலவும் நம்பியிருக்கும் ஒரு கோப்பு முறைமையின் பரிசீலனைப் பாரம் சில தோள்களிலேயே இறங்கியிருந்தது. இதைச் சரிசெய்யாமல் ‘பல கண்கள்’ என்று பேசுவது பொருந்தாது.

2023 டிசம்பர்: ஒரு வரி இடம் மாறியபோது

இனி வரும் நிகழ்வு எல்லா நிலைப்பாடுகளையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்தது. ஆகவே அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குள் பிறந்த ஐயோமேப் என்ற அடுக்கு 2016இல் பொதுவாக்கப்பட்டது. கோப்பின் எந்தப் பகுதி வட்டில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைக் கோப்பு முறைமையிடம் கேட்டு, மீதி வேலையைப் பொதுவாகச் செய்துமுடிப்பது அதன் பணி. லினக்ஸின் முதல் நாட்களிலிருந்து இருந்துவரும் பஃபர்ஹெட் என்ற அமைப்புக்கு மாற்றாக அது வளர்ந்தது. நினைவகத் தேக்கத்தைத் தொடாமல் வட்டுக்கே எழுதும் ‘நேரடி எழுத்து’ முறையை ஈஎக்ஸ்டி4 2019-20இல் ஐயோமேப்புக்கு மாற்றிக்கொண்டது. அதன் வேறு சில பகுதிகளையும், பின்னர் ஈஎக்ஸ்டி2-இன் நேரடி எழுத்தையும் மாற்றியவர் இந்திய ஐபிஎம்மின் ரித்தேஷ் ஹர்ஜானி.

2023இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் ஐயோமேப்பில் ஒரு சிறு சீரமைப்பைச் செய்தார். நேரடி எழுத்து முடிந்ததும் கோப்பின் ‘எழுதும் இடம்’ முன்னே நகர வேண்டும். அந்த நகர்த்தும் வரியைச் சற்றுக் கீழே இறக்கினார். அடுத்து வரவிருந்த பொது உதவிச் செயலுக்கு வழி செய்யும் ஆயத்த வேலை அது. ஆகஸ்டில் வெளியான 6.5 பதிப்பில் சேர்ந்தது.

சில மாதம் கழித்து யான் காரா ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பழைய பிழையைத் திருத்தினார். அந்தத் திருத்தத்துக்குப் பின், எழுத்து முடிந்ததும் ஈஎக்ஸ்டி4 தரும் பதில் மாறியது. முன்பு எல்லாம் சரியென்றால் சுழியம் தந்தது. இப்போது எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் தந்தது. கீழே இறங்கிய வரியைக் கொண்ட புதிய ஐயோமேப்புக்கு இதில் சிக்கலில்லை. பழைய ஐயோமேப்போ சுழியம் வந்தால் மட்டுமே எழுதும் இடத்தை நகர்த்தும்.

பழைய பதிப்புகளைப் பராமரிக்கும் நிலைக் கிளைகளுக்குத் திருத்தங்களை எடுத்துச் செல்வது வழக்கம். யான் காராவின் திருத்தம் 6.1 கிளைக்குப் போனது. ஹெல்விக்கின் சீரமைப்பு போகவில்லை. அது பிழை திருத்தம் அல்லவே. அதை எடுத்துச் செல்ல யாருக்கும் காரணம் தெரியவில்லை. 2023 நவம்பர் 28இல் 6.1.64 வெளியானது.

விளைவைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒரு நிரல் 4,096 பைட்டுகளை நேரடி எழுத்தாகக் கோப்பின் தொடக்கத்தில் எழுதுகிறது. எழுத்து வெற்றி என்று பதில் வருகிறது. எழுதும் இடம் 4,096க்கு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை, சுழியத்திலேயே நிற்கிறது. நிரல் அடுத்த 4,096 பைட்டுகளை எழுதுகிறது. அவை முதல் பகுதியின் மேலேயே விழுகின்றன. மறுபடியும் வெற்றி என்றே பதில். நோட்டுப் புத்தகத்தில் பக்கம் திருப்பாமல் எழுதிக்கொண்டே போவதைப் போல. எங்கே எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தாமே சொல்லும் நிரல்கள் தப்பின. நகரும் என்று நம்பிய நிரல்கள் தரவை இழந்தன.

5.15 கிளைக்கான முன்வெளியீட்டைச் சோதித்தபோது லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்டின் ஒரு சோதனை தோற்றது. அந்தத் தோல்வியைத் துருவிய யான் காரா, அதே கோளாறு 6.1 கிளையில் ஏற்கெனவே வெளியாகிவிட்டதைக் கண்டு எச்சரித்தார். லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியனின் 12.3 பதிப்பு டிசம்பர் 9இல் வர வேண்டியது; அது நிறுத்தப்பட்டது. 6.1.66 திருத்திய கெர்னலாக வந்தது. டிசம்பர் 10இல் டெபியன் 12.4 வெளியானது; 12.3 என்ற எண்ணே தவிர்க்கப்பட்டது.

இந்தச் சங்கிலி தமிழ்நாட்டுக்குத் தொலைவில் இல்லை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தரப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மேல்நிலைக் கிளையில் யாரோ ஒரு வரியை இடம் மாற்றினால், அது எத்தனை கை மாறி எந்த மலையூர் மாணவியின் கணினிக்கு வந்து சேரும் என்பதை யாரும் முன்கூட்டிக் கணக்கிட முடியாது.

இந்த நிகழ்வில் யாருடைய வேலையிலும் தவறு காண்பது கடினம். ஹெல்விக்கின் சீரமைப்பு சரி. யான் காராவின் திருத்தமும் சரி. இரண்டும் சேர்ந்திருந்த மூலக் கிளையில் சிக்கலே எழவில்லை. சீரமைப்பு தனக்குப் பின்னால் வரப்போகும் திருத்தங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேவையை விட்டுச் சென்றது. அந்தத் தேவை எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. பரிசீலனை என்பதை ஒரு பேட்சைப் படித்து ஒப்புதல் தருவதாக மட்டும் கருதும்வரை, இந்த வகைப் பிழைக்கு அதில் இடமே கிடையாது.

எக்ஸ்எஃப்எஸ் குழு இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தது. தங்கள் நிரலுக்கான திருத்தங்களைத் தானியங்கி முறையில் பழைய கிளைகளுக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. 2022 முதல் ஒவ்வொரு பழைய கிளைக்கும் ஒருவர் பொறுப்பேற்று, சோதித்த பிறகே திருத்தங்களை அனுப்பினார்கள்: 5.4 கிளைக்குச் சந்தன் பாபு, 5.10க்கு அமீர் கோல்ட்ஸ்டீன், 5.15க்கு லியா ருமான்சிக். பாதுகாப்பான வழிதான். ஆனால் ஆள் பலம் உள்ளவர்களுக்கே சாத்தியம்.

சோதனையை நம்புவோர்

மேலே சொன்ன நிகழ்வில் பிழையைப் பிடித்தது கண் அல்ல, சோதனை. மூன்றாவது நிலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எஸ்ஜிஐ நிறுவனத்தில் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காகத் தொடங்கிய எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பு இன்று எல்லா லினக்ஸ் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவாகிவிட்டது. அதை ஓட்டிக் காட்டாத மறுசீரமைப்பை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குறையும் அங்கேயே இருக்கிறது. சோதனைத் தொகுப்பு பெரும்பாலும் முன்பு நடந்த விபத்துகளின் பதிவேடு. நடந்தது மறுபடி நடக்காமல் அது காக்கும். நடக்காததை அது அறியாது. அதிலும் மின்சாரம் போகும் தருணம் மிகவும் கடினம். மழைக் காலத்தில் மலையூர்களில் மின்சாரம் போவது புதிதல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது எந்த நொடியில் போனது என்பதைப் பொறுத்து வட்டில் மிஞ்சுவது மாறும். அத்தனை நொடிகளையும் சோதிப்பது எப்படி?

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜயஸ்ரீ மோகன், சௌஜன்யா பொன்னப்பள்ளி, பாண்டியன் ராஜு, விஜய் சிதம்பரம் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட கிராஷ்மங்கி இதற்குத் துணிச்சலான பதில். ஐந்து ஆண்டுகளில் பதிவான 26 கிராஷ் பிழைகளை அவர்கள் முதலில் அலசினார்கள். பெரும்பாலானவை புதிய, சிறிய கோப்பு முறைமையில் மூன்று செயல்களுக்குள் வெளிப்படுபவை. அப்படியானால் சிறிய வரிசைகளை ஒன்றுவிடாமல் உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் தரவை உறுதியாக்கும் அழைப்புக்குப் பின் கிராஷைப் போலச்செய்து பார்த்தால் போதும் அல்லவா? பார்த்தார்கள். பழைய 26இல் 24 மறுபடி பிடிபட்டன. அவற்றோடு, யாரும் அறியாத பத்துப் பிழைகள் பிடிஆர்எஃப்எஸ் முதலிய கோப்பு முறைமைகளில் கிடைத்தன. அவற்றில் ஏழு 2014 முதல் கெர்னலில் இருந்து வந்தவை.

மறுசீரமைப்புக்கு இந்த முறை மிகவும் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வரிசைகளை ஓட்டி, மிஞ்சியதை ஒப்பிடலாம். ஆயினும் மூன்று செயல்களுக்கு மேல் போனால் எண்ணிக்கை கட்டுக்கடங்காது. நிரம்பி வழியும் பழைய வட்டில் மட்டும் தலைகாட்டும் பிழைகள் இதில் சிக்கா.

நிரூபணமும் ரஸ்ட்டும்

சோதனையால் பிழையின் இருப்பைத்தான் காட்ட முடியும், இன்மையைக் காட்ட முடியாது என்போர் கணித நிரூபணத்தை நாடினார்கள். எம்ஐடியில் 2015இல் வந்த எஃப்எஸ்சிக்யூ, எந்த நொடியில் கிராஷ் ஆனாலும் மீளும் என்பது இயந்திரத்தால் சரிபார்க்கப்பட்ட கோப்பு முறைமை. பெரிய சாதனை அது. கிராஷ்மங்கி அதிலும் தரவை இழக்கும் ஒரு பிழையைக் கண்டது. நிரூபணத்துக்கு வெளியே விடப்பட்டிருந்த இணைப்புப் பகுதியில். நிரூபணம் பொய்க்கவில்லை, அதன் வேலி முடிந்த இடத்துக்கு அப்பால் பிழை இருந்தது. லினக்ஸின் கோப்பு முறைமைகள் அளவுக்குப் பெரிய, வாரந்தோறும் மாறும் நிரலுக்கு நிரூபணத்தையும் கூடவே மாற்றிக்கொண்டு போவது நடக்குமா என்பதற்கு இதுவரை விடையில்லை.

ரஸ்ட் மொழி நடுவழி. பூட்டை எப்போது எடுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற விதிகளை மொழியின் வகைகளிலேயே எழுதிவிட்டால், அவற்றை மீறும் மறுசீரமைப்பு கம்பைல் ஆகாது. 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்ட் கெர்னலுக்குள் நுழைந்தது. 2024இல் கோப்பு முறைமை நிரலாளர்களின் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பு நம் கேள்வியையே திருப்பிக் கேட்டது: சி நிரலை மறுசீரமைத்தால் அதன் மேல் கட்டிய ரஸ்ட் பிணைப்புகளைத் திருத்துவது யார் பொறுப்பு? விவாதம் சூடாகி மனக்கசப்பில் முடிந்தது வருத்தத்துக்குரியது. இரண்டு தரப்பும் ஒரே பொருளைப் பாதுகாக்கத்தான் முயன்றன.

எந்த நடத்தை?

எல்லா நிலைப்பாடுகளுக்கும் அடியில் ஒரு எடுகோள் இருக்கிறது: மாறக்கூடாத நடத்தை எது என்று தெரியும். அது உண்மையில் தெரியுமா?

2009இல் ஈஎக்ஸ்டி4 பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென நின்றால் சில கோப்புகள் சுழியம் பைட்டாகத் திரும்பி வந்தன. வட்டில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் புதிய முறையின் விளைவு அது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலைப்படி அதில் தவறில்லை. தரவை உறுதியாக்கும்படி நிரல் கேட்கவில்லை, கோப்பு முறைமை கொடுக்கவில்லை. ஆனால் ஈஎக்ஸ்டி3-இல் ஐந்து நொடிக்குள் எழுதப்பட்டுவிடும் என்று நிரல்கள் பழகியிருந்தன. யாரும் வாக்குக் கொடுக்காத பழக்கம் வாக்காகிவிட்டது. கடைசியில் ஈஎக்ஸ்டி4-ஐப் பராமரித்த டெட் சோ, பழைய கோப்பின் மேல் புதியதைப் பெயர் மாற்றி வைக்கும் தருணங்களில் தரவை உடனே எழுதும் விதிவிலக்கைச் சேர்த்தார்.

ஐந்து ஆண்டு கழித்துத் தணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் அவருடைய குழுவினரும் அந்தப் பழக்கங்களை அளந்தார்கள். பரவலாகப் பயன்படும் பதினொரு மென்பொருள்களில், கோப்பு முறைமை உறுதி தராத ஒன்றை நம்பியிருக்கும் 60 இடங்களைக் கண்டார்கள். வட்டில் எந்த எழுத்து முதலில் போகும் என்ற வரிசை போன்ற, எங்கும் எழுதப்படாத இயல்புகள் கோப்பு முறைமைக்குக் கோப்பு முறைமை மாறுபடுவதையும் காட்டினார்கள். மறுசீரமைப்பைப் பரிசீலிப்பவருக்கு இது சங்கடமான செய்தி. ‘நடத்தை மாறவில்லை’ என்று அவர் ஒப்புக்கொள்ளும்போது, அந்த நடத்தையின் பெரும்பகுதி எந்த ஆவணத்திலும் இல்லை.

விடை நிலுவையில் இருப்பவை

நிலைப்பாடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், சிறு படிகளாக அடுக்குவதன் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. சோதனைத் தொகுப்பின் இன்றியமையாமையும் அப்படியே. நிரூபணமும் ரஸ்ட்டும் வாக்களிப்பது உண்மை. பெரிய, பழைய நிரலில் அவற்றின் செலவு இன்னும் அளக்கப்படவில்லை. கண்ணுக்கு மாற்று கிடைக்கவில்லை, கண்களும் போதவில்லை.

2023 டிசம்பர் காட்டிய இடைவெளிதான் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது. ஒரு சீரமைப்பு எதை மாற்றியது என்பதை விளக்கும் வழக்கம் உண்டு. இனி வருபவர் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை எழுதும் வழக்கம் இல்லை. அதை எழுதவைப்பது கருவியின் வேலையா, பண்பாட்டின் வேலையா என்பதில் ஒருமித்த கருத்து இன்னும் உருவாகவில்லை.

இதற்கிடையே ஈஎக்ஸ்டி4-இன் சாதாரண எழுத்துப் பாதையையும் ஐயோமேப்புக்கு மாற்றும் பேட்ச்கள் எழுதப்பட்டு வருகின்றன. அன்றாடம் எல்லோரும் பயன்படுத்தும் பாதை அதுதான். அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 இயல்பாக இயங்கும் முறையில், கோப்பின் தரவு வட்டுக்குப் போன பிறகே அதைப் பற்றிய குறிப்பு பதிவாகும். ஐயோமேப்பில் அந்த வரிசையை அதே வழியில் கட்ட முடியாது. இடத்தை முதலில் ‘இன்னும் எழுதப்படாதது’ என்று குறித்து, எழுதி முடித்ததும் குறியை மாற்றும் வேறு வழியை முன்மொழிகிறார்கள். அது ஏற்கப்பட்டால், தோட்டத்தில் படம் எடுத்த மறுகணம் ஈஎக்ஸ்டி4 உள்ள போன் அணைந்தால் என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கப்போவது அந்த வழிதான். இரண்டு வழிகளும் ஒரே பாதுகாப்பைத் தரும் என்பது எதிர்பார்ப்பு. அது எல்லா நிரல்களின் எழுதப்படாத பழக்கங்களுக்கும் பொருந்துமா என்பது பரிசீலிப்பவர்களின் முன்னால் இப்போது இருக்கும் கேள்வி.